அரசு ஆராய்ச்சி நிதி என்றால் என்ன? கடலூர், புதுச்சேரியில் சுற்றுச்சூழல் பொறியியல் கற்பிப்பவர்கள் அதில் எப்படிச் சேரலாம்?

ஒரு கேள்விக்கு விடை தேட அரசு தரும் பணம்தான் ஆராய்ச்சி நிதி. திருப்பிக் கட்ட வேண்டாம், கணக்கு காட்ட வேண்டும். தொகுப்பு வீட்டுக்குப் பணம் வருவது போலத்தான்: அஸ்திவாரம் முடிந்தால் ஒரு தவணை, கூரை மட்டம் வந்தால் அடுத்தது.

ஏன் அரசு தர வேண்டும்? புதுச்சேரிக் கரையோரத்தில் கடல்நீர் உள்ளே புகுந்து நிலத்தடி நீர் உப்பாகிறது. அந்தத் தண்ணீரில் துணி துவைத்தால் சோப்பு சரியாக நுரைக்காது. இதை ஆராய்வதால் எந்தக் கம்பெனிக்கும் லாபமில்லை, பலன் ஊருக்கு.

சரி, எப்படிச் சேர்வது? 2023ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த மத்திய அரசின் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை ஆராய்ச்சித் திட்டங்களை எழுதி அனுப்பச் சொல்லி அவ்வப்போது அழைப்பு விடுக்கும். ‘கடலூர் நீரை மேம்படுத்துவோம்’ என்று எழுதினால் எடுபடாது. சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றி எத்தனை கிணறுகள், எந்த மாதங்களில் மாதிரி எடுப்பது, எந்தெந்த உலோகங்களைப் பார்ப்பது என்று எழுதுங்கள். முதல் முறையென்றால் அனுபவமுள்ள ஒருவரோடு இணை ஆய்வாளராகச் சேருங்கள். அப்புறம், பிறர் திட்டங்களை மதிப்பிடும் வாய்ப்பு வந்தால் விடாதீர்கள். நல்ல திட்டம் எழுத அங்கேதான் கற்க முடியும்.

இந்தப் பணம் பேராசிரியரின் கைக்குப் போவதாகப் பலர் நினைக்கிறார்கள். அது கல்லூரிக் கணக்கில்தான் வரும், வாங்கும் கருவியும் அவருக்குச் சொந்தமாகாது.