அமெரிக்காவில் எந்த அனிமே முன்னணியில் இருக்கிறது? ஒப்பிடும் முறை குறித்து ஒரு விளக்கம்

கேள்வி: ஊடகவியல் முதுகலை ஆய்வேட்டுக்காக, அமெரிக்க ரசிகர்களிடையே ஜப்பானிய அனிமே தொடர்களுக்கு உள்ள செல்வாக்கை ஒப்பிட விரும்புகிறேன். டிராகன் பால், நருட்டோ, ஒன் பீஸ், டீமன் ஸ்லேயர் ஆகிய நான்கைத் தேர்ந்தெடுத்துள்ளேன். ஆனால் இணையத்தில் ஒவ்வொரு பட்டியலும் ஒவ்வொரு தொடரை முதலிடத்தில் வைக்கிறது. எதை நம்புவது? எந்த அளவுகோலைக் கொண்டு ஒப்பிடுவது?

பதில்: நீங்கள் பார்த்த பட்டியல்கள் எல்லாமே சரியாக இருக்கவும் வாய்ப்புண்டு, ஏனெனில் அவை ஒரே கேள்விக்கு விடை சொல்வதில்லை. ஒரு தொடரை வாழ்நாளில் ஒரு முறையாவது பார்த்தவர்கள் எத்தனை பேர் என்பது ஒரு கேள்வி. அதற்காகப் பணம் செலவழிக்கத் தயாராக இருப்பவர்கள் எத்தனை பேர் என்பது மற்றொன்று. இப்போது அதைப் பற்றிப் பேசுபவர்கள் எத்தனை பேர் என்பது மூன்றாவது. இவற்றுள் எதை அளக்கப் போகிறீர்கள் என்பதை முதல் அத்தியாயத்திலேயே முடிவு செய்துவிடுங்கள்.

அடுத்த வேலை, கையில் கிடைத்த எண் உண்மையில் அமெரிக்காவுக்கு உரியதுதானா என்று பார்ப்பது. மாணவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் 2023 டிசம்பர் முதல் வெளியிட்டுவரும் அரையாண்டு அறிக்கையில் ஒவ்வொரு தொடரும் எத்தனை மணி நேரம் பார்க்கப்பட்டது என்ற விவரம் இருக்கிறது. ஆனால் அது உலகம் முழுவதற்குமான கணக்கு. அதே நிறுவனம் நாடுவாரியாக வெளியிடும் வாராந்திர முதல் பத்துப் பட்டியலில் அமெரிக்கா தனியாக உண்டு, ஆனால் அதில் தரவரிசை மட்டுமே இருக்கும், மணிக்கணக்கு இருக்காது. அனிமே தொடர்களை இணையத்தில் காட்டும் கிரன்ச்சிரோல் தன் சந்தாதாரர் எண்ணிக்கையை மொத்தமாக அறிவிக்குமே தவிர, எந்தத் தொடரை எத்தனை அமெரிக்கர்கள் பார்த்தார்கள் என்று வெளியிடுவதில்லை. அந்நிறுவனத்தின் ஆண்டு விருதுகளுக்கு உலகெங்கிலும் இருந்து வாக்களிக்கலாம், அதுவும் ஒருவரே நாள்தோறும் வாக்களிக்கலாம். ரசிகர்கள் தாம் பார்த்த அனிமேக்களைப் பதிந்துவைக்கும் மை அனிமே லிஸ்ட் தளத்தின் உறுப்பினர் எண்ணிக்கையும் உலகளாவியதே. இவற்றை அமெரிக்க ரசனைக்குச் சான்றாகக் காட்டினால் வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

நாட்டு எல்லைக்குள் தெளிவாக அளக்கப்படும் எண், திரையரங்க வசூல். வட அமெரிக்க வசூல் என்று குறிப்பிடப்படும் கணக்கில் கனடாவும் சேர்ந்திருக்கும் என்பதை மட்டும் ஓர் அடிக்குறிப்பில் சொல்லிவிடுங்கள். இந்த அளவுகோல் எவ்வளவு பேசும் என்பதற்கு 2022ஆம் ஆண்டே போதும். அந்த ஆண்டில் தோயே அனிமேஷன் தயாரித்த 'டிராகன் பால் சூப்பர்: சூப்பர் ஹீரோ', 'ஒன் பீஸ் ஃபிலிம் ரெட்' ஆகிய இரு படங்களும் சில மாத இடைவெளியில் வந்தன, இரண்டையும் அமெரிக்காவில் வெளியிட்டது கிரன்ச்சிரோல்தான். ஜப்பானில் ஒன் பீஸ் படம் ஏறத்தாழ 2,000 கோடி யென் வசூலிக்க, டிராகன் பால் படம் 250 கோடி யென் அளவில் நின்றுவிட்டது. அமெரிக்காவிலோ நிலைமை தலைகீழ்: டிராகன் பால் சுமார் 3.8 கோடி டாலர், ஒன் பீஸ் சுமார் 1.3 கோடி டாலர். ஒன் பீஸ் வெளியான அடுத்த வாரமே மார்வெலின் பெரிய படமொன்று வந்து திரைகளை எடுத்துக்கொண்டது உண்மைதான். ஆனாலும் சொந்த நாட்டில் எட்டு மடங்கு முன்னால் நின்ற படம் இங்கே மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியதற்கு அது மட்டுமே காரணமாக முடியாது.

காரணத்தைத் தொலைக்காட்சி வரலாற்றில் தேட வேண்டும். டிராகன் பால் இசட் 1998இல் கார்ட்டூன் நெட்வொர்க் தொலைக்காட்சியின் டூனாமி என்ற நிகழ்ச்சித் தொகுப்புக்கு வந்தது. பள்ளி விட்டு வீடு திரும்பும் பிள்ளைகள் வார நாட்களில் தொடர்ந்து பார்த்த நிகழ்ச்சி அது. கேபிள் இணைப்பு இருந்தால் போதும், தனிச் சந்தா எதுவும் வேண்டியதில்லை. நருட்டோவும் 2005இல் அதே வாசல் வழியாகத்தான் நுழைந்தது. ஒன் பீஸுக்கோ தொடக்கமே கோணலாகிவிட்டது. 2004இல் அதை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்த ஃபோர்கிட்ஸ் நிறுவனம், சிறுவர்களுக்கு ஏற்றதாக்குவதாக நினைத்து, முதல் 143 அத்தியாயங்களை வெட்டி ஒட்டி 104 ஆக்கியது. சமையல்காரன் சான்ஜியின் வாயில் இருந்த சிகரெட்டை அழித்து அங்கே ஒரு குச்சிமிட்டாயை வரைந்து வைத்தது. 2007இல் ஃபனிமேஷன் என்ற அனிமே விநியோக நிறுவனம் பொறுப்பேற்றுப் புதிய டப்பிங்குடன் வெளியிட்டபோது, அந்தத் தலைமுறை வேறு தொடர்களில் ஒன்றிப்போயிருந்தது. 2023 ஆகஸ்ட் இறுதியில் நெட்ஃபிளிக்ஸ் வெளியிட்ட, நடிகர்கள் நடித்த ஒன் பீஸ் தொடருக்குப் பிறகுதான் அனிமே பார்க்காத அமெரிக்கக் குடும்பங்களுக்கும் அதன் நாயகன் லூஃபியின் வைக்கோல் தொப்பி அறிமுகமானது. ஆகவே ஒன் பீஸை அளக்கும்போது 2023க்கு முன், 2023க்குப் பின் என்று காலத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

வசூல் கணக்கிலும் ஒரு பொறி உண்டு. 2025 செப்டம்பரில் வட அமெரிக்காவில் வந்த 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்' அங்கே முதல் வார இறுதியில் மட்டும் சுமார் 7 கோடி டாலரும், மொத்தமாக 13 கோடி டாலருக்கு மேலும் ஈட்டி, 1999இல் 'போக்கிமான்: தி ஃபர்ஸ்ட் மூவி' ஈட்டிய சுமார் 8.6 கோடி டாலர் என்ற நெடுநாள் சாதனையை முறியடித்தது. செய்தி இத்துடன் முடிந்துவிடும். ஆய்வேடு முடியக் கூடாது. 1999இல் அமெரிக்காவின் சராசரி நுழைவுச்சீட்டு விலை ஏறத்தாழ 5 டாலர். அதன்படி வகுத்தால் போக்கிமானுக்கு விற்றவை சுமார் 1.7 கோடிச் சீட்டுகள். டீமன் ஸ்லேயருக்குச் சீட்டு 11 டாலர் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும் 1.2 கோடியைச் சுற்றித்தான் வருகிறது. ஐமாக்ஸ் போன்ற விலை உயர்ந்த காட்சிகளைச் சேர்த்தால் அது இன்னும் குறையும். போக்கிமான் பார்த்தவர்களில் பெரும்பகுதி பிள்ளைகள், அவர்களுக்கு அரைக்கட்டணம் போன்ற சலுகைகள் உண்டு என்பதையும் சேர்த்தால் இடைவெளி மேலும் விரியும். டாலரில் வென்றது டீமன் ஸ்லேயர், தலைக்கணக்கில் வென்றது போக்கிமான். அந்தச் சீட்டோடு ஒரு போக்கிமான் அட்டையும் இலவசமாகத் தரப்பட்டது என்பது வேறு கதை. அட்டைக்காகப் போன கூட்டத்தையும் ரசிகர் கணக்கில் சேர்ப்பதா என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும், நான் சேர்ப்பேன்.

டீமன் ஸ்லேயரின் மொத்த வசூலில் பாதிக்கு மேல் முதல் மூன்று நாட்களிலேயே வந்துவிட்டதையும் கவனியுங்கள். பரவலான பொதுக் கூட்டத்தைவிட, முன்பதிவு செய்து முதல் நாளே போகும் தீவிர ரசிகர் கூட்டத்தின் அடையாளம் இது. 'சூப்பர் ஹீரோ' படத்திலும் இதே போக்குதான். எனவே வசூல் காட்டுவது பற்றின் ஆழத்தை. பரப்பை அளக்க வேறு கருவி வேண்டும்.

நருட்டோவுக்கு அது இன்னும் அவசியம். அதன் தொலைக்காட்சித் தொடர் 2017இல் முடிந்துவிட்டது; அண்மையில் பெரிய படம் எதுவும் இல்லாததால் வசூல் பட்டியலில் அது கண்ணுக்கே படாது. ஆனால் 2019இல் நெவாடாவின் ஏரியா 51 ராணுவத் தளத்துக்குள் கூட்டமாக ஓடி நுழைவோம் என்று முகநூலில் ஒரு வேடிக்கை அழைப்பு பரவியபோது, நருட்டோவைப் போல் கைகளைப் பின்னால் நீட்டி ஓடினால் துப்பாக்கிக் குண்டையே முந்தலாம் என்று அதில் எழுதியிருந்தார்கள். லட்சக்கணக்கானோர் அதற்கு இசைவு தெரிவித்தார்கள். தொடரின் ஓர் அத்தியாயத்தைக்கூடப் பார்க்காதவர்களுக்கும் அந்த ஓட்டம் தெரிந்திருந்தது. இத்தகைய ஊடுருவலை அளக்க, கூகுளில் எது எவ்வளவு தேடப்படுகிறது என்று காட்டும் கூகுள் ட்ரெண்ட்ஸ் உதவும். இடத்தை அமெரிக்கா என்று குறித்துவிட்டு, வெறும் தேடல் சொல்லைக் கொடுக்காமல், பட்டியலில் வரும் தலைப்பைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால், ஆங்கிலத்தில் ஒருவகை நீச்சலுடைக்கும் அதே பெயர் என்பதால், 'ஒன் பீஸ்' என்று தேடுகையில் நீச்சலுடை வாங்க வந்தவர்களும் இந்தக் கடற்கொள்ளையர் கதையின் ரசிகர்களாக எண்ணப்பட்டுவிடுவார்கள். அங்கே வரும் 0 முதல் 100 வரையிலான எண்கள் ஒப்பீட்டு மதிப்புகளே என்பதால், நான்கு தொடர்களையும் ஒரே வரைபடத்தில் ஏற்றிப் பார்ப்பதே முறை.

என் மதிப்பீட்டைக் கேட்டால், உங்கள் நான்கில் அமெரிக்காவில் பரப்பும் ஆழமும் ஒருசேர வாய்த்தது டிராகன் பால். இன்றைய தேதியில் பணத்தை இழுக்கும் வலிமை டீமன் ஸ்லேயருக்கு. நருட்டோ பொது நினைவில் கலந்துவிட்டது. ஒன் பீஸ் தாமதமாக வந்து வேகமாக ஏறிக்கொண்டிருக்கிறது. இவற்றை ஒரே வரிசையில் ஒன்று, இரண்டு என்று அடுக்காமல், ஒவ்வோர் அளவுகோலுக்கும் தனி அட்டவணை போடுங்கள். போக்கிமானை விட்டதற்கான காரணத்தையும் எழுத வேண்டும். பல அமெரிக்கர்கள் அதை அனிமே என்றே எண்ணாமல் வளர்ந்தவர்கள் என்பதும், விளையாட்டுகளும் அட்டைகளும் ஈட்டிய புகழிலிருந்து தொடரின் புகழைப் பிரித்தெடுக்க இயலாது என்பதும் ஏற்கத்தக்க காரணங்களே. காரணம் சொல்லாமல் விட்டால், தேர்வாளர் அதைத்தான் முதலில் கேட்பார்.