சான்றிதழும் பிரியாணியும் கொடுத்தாயிற்று, பிள்ளைகள் ஏன் வரவில்லை?

வாசகர் கேள்வி-பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் நிறைய பேர் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வருகிறார்கள். இங்கே தென்னாப்பிரிக்காவில் கோயிலிலோ சங்கத்திலோ இளைஞர்களுக்காக ஏதோ ஒன்று நடத்துகிறோம், அதை நடத்துகிற பெரியவர்களைத் தயார் செய்வது எப்படி என்று தெரியவில்லை என்கிறார்கள். நான்கு கடிதங்களை எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: அக்கா, வணக்கம். சாட்ஸ்வொர்த்தில் எங்கள் கோயில் மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாட உதவி, மிருதங்கம், கொஞ்சம் சாக்கர் என்று நடத்துகிறோம். சம்பளத்துக்கு ஒரே ஒருவர், மற்றவர்கள் எல்லாம் தொண்டர்கள். பாதிப் பேர் யுனிவர்சிட்டி மாணவர்கள், மீதி ரிட்டயர் ஆன ஆசிரியர்கள். வருட ஆரம்பத்தில் வெளியிலிருந்து ஒரு பேச்சாளரை அழைத்து முழுநாள் பயிற்சி வைத்தோம். ஸ்லைடு, சான்றிதழ், வெஜ் பிரியாணி எல்லாம் நன்றாகவே நடந்தது. ஆனால் மூன்றாம் மாதமே பிள்ளைகள் குறைய ஆரம்பித்துவிட்டார்கள். இன்னொரு பயிற்சி வைக்கலாமா?
– கோயில் இளைஞர் அணிச் செயலர், சாட்ஸ்வொர்த்

பதில்: தம்பி, அதே மாதிரி இன்னொன்று வைப்பதாக இருந்தால் வேண்டாம். நீங்கள் வைத்தது சொற்பொழிவு, பயிற்சி இன்னும் நடக்கவே இல்லை. உங்கள் மண்டபத்தில் மிருதங்கம் சொல்லிக் கொடுப்பவரைக் கவனித்துப் பாருங்கள், தாளத்தைப் பற்றி ஒரு நாள் முழுக்கப் பேசிவிட்டுச் சான்றிதழ் கொடுத்து அனுப்புகிறாரா? பக்கத்தில் உட்கார்ந்து கை விழுகிற இடத்தைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் உள்ளே" என்கிறார், மறுவாரமும் அதையே சொல்கிறார். பிள்ளைகளோடு பழகுவதும் கைப்பழக்கம்தான்.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1980களிலேயே ஆசிரியர் பயிற்சியை வைத்து இதைப் பார்த்துவிட்டார்கள். விளக்கிச் சொன்னாலும், செய்து காட்டினாலும், அங்கேயே ஒரு தடவை செய்ய வைத்தாலும்கூட, வகுப்பறைக்குப் போன பிறகு அதைத் தொடர்ந்து செய்கிறவர்கள் ரொம்பக் குறைவு. கூடவே இருந்து பார்த்து, பேசி, திருத்துகிற ஒரு ஆள் இருந்தால்தான் அது பழக்கத்துக்கு வருகிறது. அதனால் பேச்சாளருக்குக் கொடுக்கிற பணத்தை மிச்சம் பிடித்து, உங்கள் சம்பள ஊழியருக்குச் சனிக்கிழமையில் வேறு வேலையே கொடுக்காமல், பார்ப்பதும் பேசுவதும் மட்டும்தான் அவர் வேலை என்று ஆக்குங்கள். நாற்காலி எண்ணுவது, சமோசா ஆர்டர் பண்ணுவது எல்லாம் வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும்.

எதைப் பார்ப்பது? ஒரு தாள் போதும். பிள்ளை உள்ளே வந்ததும் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டார்களா, பெரியவர் எவ்வளவு நேரம் பேசினார், பிள்ளைகள் எவ்வளவு நேரம் பேசினார்கள், எதையாவது தேர்ந்தெடுக்கும் உரிமை அவர்களுக்கு இருந்ததா, ஒரு பிள்ளை தப்பாகச் சொன்னபோது என்ன நடந்தது, முடிவில் "இன்னிக்கு என்ன செஞ்சோம், எது கஷ்டமா இருந்துச்சு" என்று யாராவது கேட்டார்களா. இவ்வளவுதான். எழுதும்போது கண்ணால் கண்டதை மட்டும் எழுதச் சொல்லுங்கள். "அண்ணன் நன்றாக நடத்தினார்" என்று எழுதினால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. "அரை மணி நேரத்தில் இரண்டு பையன்கள் மட்டும்தான் வாய் திறந்தார்கள், ஜன்னல் பக்கம் உட்கார்ந்த மூன்று பெண்களிடம் யாரும் போகவில்லை" என்று எழுதினால் அடுத்த வாரம் என்ன மாற்ற வேண்டும் என்பது அதிலேயே இருக்கிறது. மண்டபத்தைப் பூட்டுவதற்கு முன் பதினைந்து நிமிடம் உட்கார்ந்து அந்தத் தாளைப் பேசுங்கள், ஆளுக்கு ஒரே ஒரு மாற்றம், அதற்கு மேல் சொன்னால் தொண்டர் அடுத்த வாரம் வரமாட்டார்! அமெரிக்காவில் இளைஞர் நிகழ்ச்சிகளின் தரத்தைக் கவனிக்கிற வெய்கார்ட் மையம் இதே வரிசையில்தான் வேலை செய்கிறது. முதலில் பார்க்கிறார்கள், பிறகு திட்டம் போடுகிறார்கள், அதற்கேற்பத்தான் பயிற்சி. அவர்கள் படிநிலையில் கீழே இருப்பது பாதுகாப்பு, அதற்கு மேல் ஆதரவு, அதற்கும் மேல் ஒருவரோடு ஒருவர் பழகுவது, உச்சியில்தான் பிள்ளை தானே முன்வந்து ஈடுபடுவது. நாம் பெரும்பாலும் உச்சியிலிருந்து ஆரம்பித்து "இவங்களுக்கு ஆர்வமே இல்லை" என்று குறைபட்டுக்கொள்கிறோம்.

அப்புறம், நிகழ்ச்சியின் உள்ளடக்கம். டர்லாக், வைஸ்பெர்க், பச்சன் ஆகியோர் 2010இல், பள்ளி முடிந்த பிறகு நடக்கிற நிகழ்ச்சிகளைப் பற்றிய பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். படிப்படியாக அடுக்கியிருப்பது, பிள்ளைகளே செய்து பழகுவது, அதற்கென்று நேரம் ஒதுக்குவது, எந்தத் திறனை வளர்க்கிறோம் என்று பிள்ளைகளுக்கே வெளிப்படையாகச் சொல்வது, இந்த நான்கும் இருந்த இடங்களில் பிள்ளைகளிடம் முன்னேற்றம் தெரிந்தது. இல்லாத இடங்களில் சொல்லும்படியாக ஒன்றும் தெரியவில்லை. அது அமெரிக்கக் கணக்கு, சாட்ஸ்வொர்த்துக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் உங்கள் சனிக்கிழமை அட்டவணையை இந்த நான்கு கேள்விகளுக்கு முன்னால் வைத்துப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

தொடக்கப் பயிற்சியே வேண்டாமா என்றால், வேண்டும். ஆனால் இரண்டு இரண்டு மணி நேரமாகப் பிரித்து, நடித்துப் பார்க்கிற மாதிரி வையுங்கள். "மெட்ரிக் பாஸ் பண்ணினாலும் வேலை இல்லை, எதுக்குப் படிக்கணும்" என்று ஒரு பையன் கேட்கிறான். இன்னொருவன் ஷுகர்ஸ் என்ற போதைப்பொருளை அடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று கண்ணைப் பார்த்தாலே தெரிகிறது. பாட்டில்பிரஷ் குடிசைப் பகுதியிலிருந்து வருகிற ஜூலு பேசும் பெண்ணை நம் வீட்டுப் பிள்ளை ஒன்று கேலி செய்கிறது. இதற்கெல்லாம் பதில் ஸ்லைடில் இருக்காது, தொண்டர் தன் வாயால் சொல்லிப் பார்க்க வேண்டும், மற்றவர்கள் கேட்டு அபிப்பிராயம் சொல்ல வேண்டும். ஒரு விஷயத்தை மட்டும் கண்டிப்பாகச் சேருங்கள். "தமிழ்ப் பிள்ளையாப் பொறந்துட்டு தமிழ் தெரியலையா" என்று பதிமூன்று வயதுப் பிள்ளையைப் பத்துப் பேர் முன்னால் கேட்கிற வழக்கம் நம் பெரியவர்களிடம் நிறைய உண்டு. வீட்டில் அப்பா அம்மாவே இங்கிலீஷில்தான் பேசுகிறார்கள், பிள்ளை எங்கே போய்க் கற்றுக்கொள்ளும்? அந்தக் கேள்வியைக் கேட்ட அங்கிளின் முகத்தில் அந்தப் பிள்ளை அடுத்த சனிக்கிழமை விழிக்காது.

கேள்வி: எங்கள் சங்கத்தில் பிள்ளைகளோடு வேலை செய்கிற எல்லோரையும் அரசாங்கப் பதிவேட்டில் சரிபார்க்க வேண்டும் என்று புதிதாக வந்த ஒரு பெண் சொல்கிறாள். முப்பது வருஷமாகச் சேவை செய்கிற மாமாவிடம் போய் எப்படிக் கேட்பது? அவமானமாக நினைக்கமாட்டாரா?
– ஒரு வாசகி, ஃபீனிக்ஸ்

பதில்: நினைக்கலாம் அம்மா. நினைத்தாலும் கேட்க வேண்டும். அந்தப் பெண் சொல்வதுதான் சரி. 2005ஆம் ஆண்டின் 38ஆம் எண் குழந்தைகள் சட்டத்தின்படி தேசியக் குழந்தைப் பாதுகாப்புப் பதிவேடு ஒன்று இருக்கிறது. அதன் 'பி' பகுதியில் பிள்ளைகளோடு வேலை செய்யத் தகுதியில்லை என்று முடிவானவர்களின் பெயர்கள் இருக்கும். நிறுவனம் தன் ஆட்களைச் சரிபார்க்கக் கேட்பது படிவம் 30. அது தவிர 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருகிற பாலியல் குற்றவாளிகள் பதிவேடு தனியாக உண்டு. தலைவர் முதல் ஆளாகத் தன் படிவத்தைக் கொடுக்கட்டும், அடுத்தது செயலர், அதற்கப்புறம் மாமாவிடம் நீட்டினால் அவருக்கு மட்டும் கேட்ட மாதிரி இருக்காது. முப்பது வருஷச் சேவை என்பது சோதனையிலிருந்து விலக்கு இல்லை.

ஆனால் படிவத்தோடு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள், இதுவரை யாரும் புகார் செய்யாதவர் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. அதனால் பயிற்சியில் வழக்கமான விதிகளைப் பேசிவிடுங்கள். மூடிய அறையில் ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் மட்டும் இருக்கக் கூடாது, தனியாகக் காரில் ஏற்றிக்கொண்டு போகக் கூடாது, ராத்திரி பத்து மணிக்குத் தனி வாட்ஸ்அப் செய்தி கூடாது.

பிள்ளை ஏதாவது சொன்னால் என்ன செய்வது என்பதையும் நடித்தே பழகுங்கள், இதில்தான் நல்ல மனசுக்காரர்கள்கூடச் சொதப்புகிறார்கள். "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. துருவித் துருவிக் கேட்கக் கூடாது, அது சோஷியல் வொர்க்கருக்கும் போலீஸுக்கும் உரிய வேலை. குடும்பத்தைக் கூப்பிட்டுப் பஞ்சாயத்து பேசவே கூடாது. கேட்டதைப் பிள்ளை சொன்ன சொல்லிலேயே எழுதி வைத்துவிட்டுத் தகவல் கொடுக்க வேண்டும், குழந்தைகள் சட்டத்தில் அதற்கு இருப்பது படிவம் 22. பிள்ளைக்கு எதிரான பாலியல் குற்றம் என்று தெரியவந்தால் போலீஸுக்கு உடனே சொல்வது இந்த நாட்டில் ஒவ்வொருவர் மேலும் உள்ள சட்டக் கடமை. சைல்ட்லைன் எண் 116, அதைச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள், பிள்ளைகள் கண்ணிலும் படட்டும்.

மண்டபத்தையும் ஒரு தடவை சுற்றிப் பாருங்கள். 2000ஆம் ஆண்டு மார்ச் 24 அன்று சாட்ஸ்வொர்த்தில் த்ராப் நைட் கிளப்பில் நடந்த பிள்ளைகள் டிஸ்கோவில் கண்ணீர்ப்புகை வெடித்து, நெரிசலில் 13 பிள்ளைகள் இறந்தார்கள். நம் வயதுக்காரர்கள் யாரும் அதை மறந்திருக்கமாட்டார்கள், ஆனால் இருபது வயதுத் தொண்டருக்கு அது கேள்விப்பட்ட கதை மட்டும்தான். எந்தக் கதவு வெளியே திறக்கும், சாவி யாரிடம், பிள்ளைகளின் எண்ணிக்கை எந்த நோட்டில், இதைத் தெரியாமல் ஒருவரும் சனிக்கிழமை பொறுப்பில் நிற்கக் கூடாது.

கேள்வி: தொண்டர்களைப் பழக்கி முடிக்கும்போது அவர்கள் போய்விடுகிறார்கள். நவம்பர் பரீட்சை வந்தால் ஆளே இல்லை. பணம் கொடுத்தால் நிற்பார்களா?
– பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்

பதில்: டாக்ஸிக் காசு கொடுங்கள், அது சம்பளம் இல்லை, கைக்காசு போட்டுச் சேவை செய்யச் சொல்வது நியாயமும் இல்லை. ஆனால் நவம்பர் பிரச்சினைக்குப் பணம் தீர்வாகாது, பரீட்சை பரீட்சைதான். ஆளைச் சேர்க்கும்போதே "வருஷம் முழுக்க வருவாயா" என்று கேட்டு எல்லோரையும் பொய் சொல்ல வைக்காமல், பள்ளிப் பருவம் ஒவ்வொன்றாகக் கேளுங்கள். நான்காவது பருவத்தில் மாணவத் தொண்டர்களை எதிர்பார்க்காமல், அப்போது ரிட்டயர் ஆனவர்களை வைத்து நடத்துங்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்று ஜோடி சேர்க்கிற திட்டம் மட்டும் இருந்தால் ரொம்ப ஜாக்கிரதை. கிராஸ்மன், ரோட்ஸ் இருவரும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வருஷமும் அதற்கு மேலும் நீடித்த உறவுகளில்தான் பலன் அதிகம், சில மாதங்களிலேயே அறுந்துபோன இடங்களில் பிள்ளைகளின் தன்மதிப்பு முன்னைவிடக் குறைந்திருந்தது என்று கண்டார்கள். ஏற்கெனவே யாரோ விட்டுப் போன பிள்ளையிடம் நாமும் போய் நின்று விட்டுவிட்டு வருகிறோம். வருஷம் நிற்க முடியாதவருக்குக் குழுவோடு வேலை கொடுங்கள், தனிப் பிள்ளையைக் கொடுக்காதீர்கள். போகிறவர் போகிறேன் என்று பிள்ளைகளிடம் நேரில் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்பதையும் பயிற்சியிலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: ஆன்டி, எனக்கு 16 வயது. எங்கள் 'யூத் விங்' தலைவருக்கு 34. எங்களை நாற்காலி போடவும் தண்ணீர் கொடுக்கவும் மட்டும் கூப்பிடுகிறார்கள். பயிற்சி எல்லாம் பெரியவர்களுக்குத்தானா?
– லெனேசியா மாணவி

பதில்: சட்டப்படி உங்கள் தலைவரும் இளைஞர்தான் கண்ணு, இந்த நாட்டில் 14லிருந்து 35 வரை இளைஞர் கணக்கு, இன்னும் கொஞ்ச காலம் அவரைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் உங்கள் குறை சரியானது. ரோஜர் ஹார்ட் என்பவர் 1992இல் யுனிசெஃபுக்காக எழுதியபோது இளையோர் பங்கேற்பை எட்டுப் படி ஏணியாக வரைந்தார். கீழே உள்ள மூன்று படிகளில் பிள்ளைகளைத் தங்கள் காரியத்துக்குப் பயன்படுத்துவது, அலங்காரமாக நிறுத்துவது, பேருக்குச் சேர்த்துக்கொள்வது ஆகியவை வருகின்றன. அதையெல்லாம் அவர் பங்கேற்பு என்றே ஒத்துக்கொள்ளவில்லை. நீங்கள் நாற்காலியோடு நிற்பது அங்கேதான்.

சாட்ஸ்வொர்த் தம்பிக்குச் சொன்ன நடிப்புப் பயிற்சியில் பிள்ளைகள் பாத்திரத்தில் பெரியவர்கள் நடித்தால் சிரிப்பாக இருக்கும். நீங்கள் நான்கு பேர் போய் உங்கள் பாத்திரத்தில் நீங்களே நடிக்கிறோம், அப்புறம் எந்தப் பதில் எங்களுக்குப் பிடித்தது, எதில் வாயை மூடிக்கொண்டோம் என்றும் சொல்கிறோம் என்று கேளுங்கள். பெரியவர்களுக்கு அதைவிட நல்ல பயிற்சியாளர் கிடைக்கமாட்டார். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலைக் கேளுங்கள், கொடுக்கிற வேலையை மட்டும் அல்ல, முழுசாக. எத்தனை பாட்டில், எங்கே வாங்குவது, யார் எந்த நேரம் நிற்பது, கணக்கு நோட்டு எல்லாம் உங்கள் கையில். பெரியவர் ஒருவர் கூட இருக்கட்டும், கேட்டால் மட்டும் சொல்லட்டும்.