வெள்ளாட்டுக்கறி: கேளுங்கள், சொல்கிறேன்

பட்டர்வொர்த் அக்கா: பாசாரில் வெள்ளாடு, செம்மறி எல்லாமே மலாயில் 'காம்பிங்'தான். வெள்ளாட்டை எப்படிக் கண்டுபிடிப்பது?

கொழுப்பைப் பாருங்கள் அக்கா. செம்மறியில் சதைமேல் வெள்ளைக் கொழுப்பு தடிப்பாகப் படிந்திருக்கும். வெள்ளாட்டுச் சதை மெலிவு. கொழுப்பெல்லாம் வயிற்றுக்குள், குண்டிக்காயை (சிறுநீரகத்தை)ச் சுற்றித்தான். ஆஸ்திரேலியாவிலிருந்து உறைய வைத்து வருவது பெரும்பாலும் செம்மறி. உள்ளூர் ஆடு, எலும்போடு என்று கேட்டு வாங்குங்கள்.

பிரிக்பீல்ட்ஸ் தம்பி: வறுவல் செய்தால் ரப்பர் மாதிரி ஆகிவிடுகிறது அண்ணே.

எடுத்ததும் பெரிய தீயில் வறுக்கிறீர்கள், அதுதான் தம்பி. தொடையிலும் கழுத்திலும் உள்ள சவ்வு ஈரச்சூட்டில் மெல்லக் கரைந்தால்தான் கறி மெத்தென்று வரும். மஞ்சள், உப்பு, இஞ்சி பூண்டு போட்டு, கொஞ்சம் தண்ணீர் விட்டு, மூடி சிறுதீயில் ஒன்றரை மணி நேரம் விடுங்கள். எலும்பு நுனியில் சதை சுருங்கி விலகும், அதுதான் பதம். பிறகு வேறு சட்டியில் பட்டை, ஏலக்காய், கறிவேப்பிலை, நிறைய வெங்காயம் வதக்கி, மிளகாய்த்தூள் போட்டு, வெந்த கறியை அந்த நீரோடு கொட்டுங்கள். நீர் சுண்டி, எண்ணெய் பிரிந்து, மசாலா கறுத்து ஒட்டும்வரை கிளற வேண்டும். அந்த நீரைக் கீழே ஊற்றுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசே ஆறாது.

ஜெலுத்தோங் வாசகர்: வாடை?

அது கொழுப்பில் இருக்கிறது. கிடாயில் அதிகம், குட்டியிலும் காயடித்த ஆட்டிலும் குறைவு. கொழுப்பை வழித்தெடுங்கள், போதும். ஜப்பானின் ஒகினாவாவில் ஆட்டு சூப்பில் மாசிபத்திரி இனத்துக் கசப்பு இலையைப் போடுகிறார்கள். வாடைக்கு அது நல்ல ஈடு.

செந்தூல் தங்கை: லண்டனில் ஜமைக்காக்காரர் கடையில் ஆட்டுக்கறி சாப்பிட்டேன். நம் வீட்டுக் கறி ஞாபகம் வந்தது. எப்படி அண்ணே?

உறவு இருக்கிறதம்மா. நம் முன்னோரை ரப்பர் தோட்டத்துக்குக் கூட்டி வந்ததுபோல, 1845 முதல் இந்தியர்களை ஒப்பந்தக் கூலிகளாக ஜமைக்காவின் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுபோனார்கள். அவர்களோடு போன கறிமசாலா அங்கே ஆல்ஸ்பைஸ் என்ற மணக்காய், தைம் என்ற மூலிகை, ஸ்காட்ச் பானெட் என்ற காரமான மிளகாய் இவற்றோடு சேர்ந்துகொண்டது. இன்று கல்யாணம், துக்கம் எதுவானாலும் அந்த ஊரார் எல்லோருக்கும் ஆட்டுக்கறி வேண்டும். அதை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது. அங்கேயும் எலும்போடு வெட்டி, மெதுவாகத்தான் வேகவைக்கிறார்கள்.

ஈப்போ ஐயா: எனக்குக் கொலஸ்ட்ரால். சாப்பிடலாமா?

சமைத்த வெள்ளாட்டுக்கறி 100 கிராமில் கொழுப்பு சுமார் 3 கிராம்தான் ஐயா, மாட்டிறைச்சியைவிடக் குறைவு. ஆனாலும் சிவப்பு இறைச்சிதான். எவ்வளவு என்பதை டாக்டரிடம் கேளுங்கள். குழம்பில் தேங்காய்ப்பாலைக் குறையுங்கள், கொழுப்பு அங்கேதான் ஏறுகிறது.