'தி இன்னொசன்ட்ஸ்' என்ற ஆங்கிலத் திகில் படத்தில் வருவது நிஜப் பேயா, அல்லது குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு மாளிகைக்கு வரும் ஆசிரியையின் மனப்பிரமையா?

இரண்டுக்கும் படம் இடம் வைத்திருக்கிறது. அதுதான் அதன் பலம்.

ஹென்றி ஜேம்ஸ் 1898-இல் எழுதிய 'தி டர்ன் ஆஃப் த ஸ்க்ரூ' குறுநாவலை ஜாக் கிளேட்டன் 1961-இல் படமாக்கினார். நாவலில் கதையைச் சொல்பவளே அந்த ஆசிரியைதான். அவள் எழுதி வைத்ததைத் தவிர நம் கையில் வேறு சாட்சி இல்லை. சரி, கேமராவால் இதை எப்படிச் செய்வது?

கிளேட்டன் பல இடங்களில் ஆசிரியையாக நடித்த டெபோரா கெர்ரின் முகத்தைத்தான் முதலில் காட்டுகிறார். அவள் மிரண்ட பிறகே உருவம் நமக்குத் தெரிகிறது. ஏரிக்கு அந்தப் பக்கம் நாணல்களுக்கு நடுவே கறுப்பு உடையில் ஒரு பெண் அசையாமல் நிற்கிறாள். நாம் பார்க்கிறோம், ஆனால் அவள் கண் வழியாகத்தான். பக்கத்தில் வந்து நிற்கும் வீட்டு நிர்வாகிப் பெண்மணிக்கு ஒன்றுமே தெரிவதில்லை.

ஒளிப்பதிவாளர் ஃப்ரெடி ஃபிரான்சிஸ், அகலத் திரையின் ஓரங்கள் இருண்டு போகும்படி ஃபில்டர்களில் வண்ணம் பூசிப் பயன்படுத்தினார். அதனால் நம் கண் தானாகவே அந்த மூலைகளைத் துழாவுகிறது.

ஆனால் ஒரு காட்சி என்னை இன்னும் விடவில்லை. வகுப்பறை மேசையில் அமர்ந்து அழும் உருவம் மறைந்துவிடுகிறது. ஆசிரியை அங்கே போய்த் தொடுகிறாள். ஒரு சொட்டுக் கண்ணீர், ஈரமாகவே இருக்கிறது. பிரமை என்று முடிவு கட்டியிருந்த நான் அந்த இடத்தில்தான் ஆடிப்போனேன்.