ஏழில் இரண்டும் ஏழில் மூன்றும்: பின்னக் கூட்டலில் திரும்பத் திரும்ப வரும் ஒரு தவறு

கேள்வி: என் மகள் ஐந்தாம் வகுப்புப் படிக்கிறாள். வாய்ப்பாடெல்லாம் தடுமாறாமல் சொல்வாள். ஆனால் 2/7 + 3/7 என்று கொடுத்தால் 5/14 என்று எழுதுகிறாள். "கீழே இருப்பதைக் கூட்டாதே" என்று சொல்லிக்கொடுத்தால் அன்றைக்குச் சரியாகச் செய்கிறாள். இரண்டு நாளில் பழைய தவறு திரும்பிவிடுகிறது. கேட்டால், "மிஸ் மட்டும் என் டெஸ்ட் பேப்பரில் 3/5, 4/5 இரண்டையும் கூட்டி 7/10 என்று போட்டாங்களே" என்கிறாள். அருகிலுள்ள பயிற்சி மையத்தில் ஒரு தேர்வு வைத்துவிட்டு, அடித்தளமே சரியில்லை, கணிதக் கற்றல் குறைபாடாகவும் இருக்கலாம் என்று சொல்லி, ஆறு மாத வகுப்புக்கு 9,000 ரூபாய் கேட்கிறார்கள். சேர்க்கலாமா, அல்லது வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?
— ஒரு தாய், தருமபுரி

பதில்: பணத்தைக் கட்டிவிடாதீர்கள். வீட்டில் நாள்தோறும் பதினைந்து நிமிடம் உட்கார உங்களால் முடியுமானால், இரண்டு வாரத்துக்குள் இது சரியாகிவிடக்கூடிய தவறுதான்.

நான்காண்டுகளாக அந்தக் குழந்தை கூட்டல் குறியைப் பார்த்ததும் கண்ணில் பட்ட எண்களைக் கூட்டிப் பழகியிருக்கிறாள். இப்போது மேலே இரண்டு எண்களும் கீழே இரண்டு எண்களும் தெரிகின்றன. மேலே உள்ளவற்றை மேலேயும் கீழே உள்ளவற்றைக் கீழேயும் கூட்டிவிடுகிறாள். 1978இல் அமெரிக்காவில் நடந்த தேசிய மதிப்பீட்டில், 12/13 + 7/8 என்பதற்குத் தோராயமான விடை 1, 2, 19, 21 ஆகியவற்றுள் எது என்று பதின்மூன்று வயது மாணவர்களிடம் கேட்டபோது, 2 என்ற சரியான விடையைச் சுமார் கால்பங்கினரே தேர்ந்தெடுத்தார்கள்; 19, 21 ஆகிய இரண்டுக்கும் அதைவிடக் கூடுதலாகவே ஆதரவு கிடைத்தது. அந்த மாணவர்களும் பின்னத்தை ஒரே அளவாகப் பார்க்காமல், மேலும் கீழுமாக நிற்கும் இரண்டு தனி எண்களாகவே பார்த்திருக்கிறார்கள்.

"கீழே இருப்பதைக் கூட்டாதே" என்ற கட்டளை இரண்டு நாளுக்கு மேல் நிற்காததற்குக் காரணம், அதில் காரணமே இல்லாததுதான். கீழே இருக்கும் 7 என்பது பங்கின் பெயர் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. இரண்டு மாம்பழமும் மூன்று மாம்பழமும் எத்தனை என்று கேட்டால் ஐந்து மாம்பழம் என்பாளே தவிர, ஐந்து இரட்டை மாம்பழம் என்று சொல்லமாட்டாள். 2/7 என்பதில் 7, மாம்பழம் என்ற சொல்லின் இடத்தில் நிற்கிறது. எத்தனை என்பதை மேலே உள்ள எண் சொல்கிறது. நம் முன்னோருக்கு இந்தக் குழப்பம் வர வழியே இருக்கவில்லை, ஏனென்றால் அவர்கள் பங்குகளுக்குப் பெயரே வைத்திருந்தார்கள். இருபதில் ஒரு பங்கு மா, பதினாறில் ஒரு பங்கு வீசம். ஒரு மாவும் இருமாவும் சேர்ந்தால் மும்மா. அதில் இருபதையும் இருபதையும் கூட்டி நாற்பது ஆக்க யாருக்கும் தோன்றாது. 1957இல் தசம நாணய முறை வரும்வரை ரூபாய்க்குப் பதினாறு அணா என்று கணக்குப் பார்த்தவர்கள், மூன்று அணாவும் இரண்டு அணாவும் ஐந்து அணா என்று சொல்லும்போது 3/16 + 2/16 = 5/16 என்ற கணக்கைத்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

இப்போது பாடப்புத்தகத்தில் உள்ள சொற்களே ஒரு தடங்கலாக இருக்கின்றன. மேலே உள்ளது தொகுதி, கீழே உள்ளது பகுதி. வீட்டில் பகுதி என்றால் ஒரு துண்டு, ஒரு பங்கு என்றுதானே பொருள்? அதனால் எடுத்துக்கொண்ட பங்குகளின் எண்ணிக்கைதான் பகுதி என்று குழந்தை நினைத்துக்கொள்வது இயல்பு. இந்த இரண்டு சொற்களையும் தேர்வுக்கு முந்தின வாரம் மனப்பாடம் செய்தால் போதும். இப்போதைக்கு "எத்தனை பங்கு", "எந்தப் பங்கு" என்றே பேசுங்கள். மாறாக, ஓரினப் பின்னங்கள் என்ற சொல்லை இன்றே சொல்லிக்கொடுங்கள், அது மிக நல்ல சொல். ஒரே இனத்துப் பங்குகள் என்ற செய்தி அதற்குள்ளேயே இருக்கிறது.

அதைவிட முக்கியமாக, வாசிக்கும் முறையை மாற்றுங்கள். "டூ பை செவன்" என்றும் "இரண்டு பை ஏழு" என்றும் வாசிக்கும் குழந்தையின் காதில் இரண்டு எண்கள் விழுகின்றன, விழுந்த எண்களை அவள் கூட்டுகிறாள். "ஏழில் இரண்டு" என்று வாசித்தால் பங்கின் பெயர் முன்னால் வந்துவிடும். ஏழில் இரண்டும் ஏழில் மூன்றும் சேர்ந்தால் ஏழில் எத்தனை என்று கேட்டுப் பாருங்கள்; எழுதும்போது தவறும் குழந்தைகளிலும் பெரும்பாலோர் வாயால் "ஏழில் ஐந்து" என்று சரியாகவே சொல்லிவிடுகிறார்கள். முதல் நான்கு நாள் பென்சிலே வேண்டாம், வாய்க்கணக்கு மட்டும் போதும்.

ஐந்தாம் நாள் படம் வரையலாம். அங்கேதான் பெற்றோரும், அவர்களைவிட அதிகமாகப் பயிற்சித்தாள் அச்சிடுவோரும், ஒரு குழியில் விழுகிறார்கள். ஏழு கட்டம் கொண்ட ஒரு பட்டையை வரைந்து இரண்டு கட்டத்துக்கு வண்ணம் தீட்டுகிறார்கள்; பக்கத்தில் கூட்டல் குறி; அதன் பக்கத்தில் ஏழு கட்டம் கொண்ட இன்னொரு பட்டை, அதில் மூன்று கட்டத்துக்கு வண்ணம். குழந்தை மொத்தக் கட்டங்களை எண்ணுகிறாள், பதினான்கு. வண்ணமிட்டவற்றை எண்ணுகிறாள், ஐந்து. 5/14 என்று எழுதுகிறாள். அந்தப் படத்துக்கு அது சரியான விடை! தவறைத் திருத்த வந்த படமே அதைக் கற்றுக்கொடுத்துவிடுகிறது. நான் பார்த்த பயிற்சித்தாள்களில் பெரும்பாலானவை இந்த இரட்டைப் படத்தைத்தான் வண்ண வண்ணமாகப் போட்டிருக்கின்றன. நீங்கள் கட்டம் போட்ட கணக்கு நோட்டில் ஏழு கட்டத்தைச் சேர்த்து ஒரே ஒரு பட்டையாகக் கோடு போடுங்கள். அதற்குள்ளேயே இரண்டு கட்டத்தை மஞ்சளாகவும், அடுத்த மூன்று கட்டத்தைப் பச்சையாகவும் தீட்டச் சொல்லுங்கள். பட்டை ஒன்றுதான், கட்டம் ஏழுதான், நிரம்பியவை ஐந்து.

அதற்குப் பின்னும் 5/14 வந்தால் திட்ட வேண்டாம், சமையலறைக்கு அழைத்துப் போங்கள். தேங்காய் மூடி ஒன்று அரைத் தேங்காய். இரண்டு மூடியையும் பொருத்திக் காட்டி, அரையும் அரையும் எவ்வளவு என்று கேளுங்கள். பிறகு அவளுடைய முறைப்படியே 1/2 + 1/2 ஐ நோட்டில் போடச் சொல்லுங்கள். 2/4 வரும். நான்கு சமபங்கில் இரண்டு பங்கு என்றால் எவ்வளவு தேங்காய் என்று கேட்டால் பாதி என்பாள். இரண்டு மூடியைச் சேர்த்தபின் ஒரு மூடிதான் மிஞ்சுகிறதென்றால் இன்னொன்று எங்கே போயிற்று என்று கேட்டுவிட்டு, நீங்கள் பேசாமல் இருந்துவிடுங்கள். விளக்கம் சொல்லும் ஆசையை அந்த ஒரு நிமிடம் அடக்கிக்கொள்வது பெற்றோருக்குக் கடினம்தான் என்றாலும், அந்த நிமிடத்தில் அவளாகக் கண்டுபிடிப்பது மறக்காது.

இனி அந்த மதிப்பெண் விவகாரத்துக்கு வருவோம். உங்கள் மகள் சொன்னதில் தவறில்லை. ஐந்து கேள்விகள் கொண்ட ஒரு தேர்வில் மூன்றும், ஐந்து கேள்விகள் கொண்ட மற்றொரு தேர்வில் நான்கும் சரியாக எழுதியவள், இரண்டிலும் சேர்த்துப் பத்துக் கேள்விகளில் ஏழு சரியாக எழுதியிருக்கிறாள். ஆகவே 7/10 சரி. இது எனக்குத் தெரிந்து மிகப் பல குழந்தைகளின் தவறுக்கு ஆணிவேராக இருந்தும், ஆசிரியர் பயிற்சிகளில் இதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. மதிப்பெண் கணக்கில் முழுமை எது என்பது நடுவில் ஓசைப்படாமல் மாறிவிடுகிறது. முதலில் ஒரு தேர்வுத்தாள், அதாவது ஐந்து கேள்விகள், முழுமையாக இருந்தது; கூட்டி முடித்தபோது இரண்டு தாள்களும் சேர்ந்த பத்துக் கேள்விகள் முழுமையாகிவிட்டன. அதே ஏழு மதிப்பெண்ணை ஒரே தாளின் அளவை வைத்துச் சொன்னால் 7/5 என்று வரும், இரண்டு தாளின் அளவை வைத்துச் சொன்னால் 7/10. இரண்டும் அதே ஏழுதான். வேறு விதமாகச் சொன்னால், ஒரு வகுப்பில் நாற்பது பேரில் இருபத்திரண்டு பேர் பெண்கள், அடுத்த வகுப்பில் நாற்பது பேரில் பதினெட்டுப் பேர் பெண்கள் என்றால், இரண்டு வகுப்பும் சேர்த்து எண்பது பேரில் நாற்பது பேர் பெண்கள். இங்கேயும் கீழே உள்ளவை கூடுகின்றன, ஏனென்றால் ஆட்களின் கூட்டமே பெரிதாகிவிட்டது. பின்னக் கூட்டலில் அப்படிப் பெரிதாக அனுமதியில்லை. ஏழு பங்காக்கிய ஒரே அடையிலிருந்து இரண்டு பங்கும், பிறகு மூன்று பங்கும் எடுத்தாலும், அடை ஒன்றுதான்.

நல்ல வேளையாக, இந்த வேறுபாட்டைக் காட்டும் வசதி தமிழில் ஏற்கெனவே இருக்கிறது. மதிப்பெண்ணைச் சொல்லும்போது நாம் "ஐந்துக்கு மூன்று", "நூற்றுக்கு எண்பது" என்கிறோம். பங்கைச் சொல்லும்போது "ஐந்தில் மூன்று" என்கிறோம். "ஐந்துக்கு மூன்று" என்று வாசித்தால் மதிப்பெண் கணக்கு, கீழேயும் கூட்டலாம். "ஐந்தில் மூன்று" என்று வாசித்தால் பின்னக் கணக்கு, கீழே உள்ளது பெயர். இதை அவளுக்குச் சொல்லி, தன் தேர்வுத்தாளை எடுத்து வைத்து இரண்டு விதமாகவும் வாசிக்கச் சொல்லுங்கள். ஆசிரியர்களும் மதிப்பெண்களுக்கு நடுவே கூட்டல் குறியும் சமக்குறியும் போடாமல், மொத்தத்தைத் தனியே ஒரு கட்டத்தில் எழுதினால் பாதித் தொல்லை தீரும். அதை வகுப்பாசிரியரிடம் பணிவாக ஒருமுறை சொல்லிப் பார்க்கலாம்.

பயிற்சி மையத்தைப் பற்றி. இலவசத் தேர்வு, அதன் முடிவில் ஓர் அச்சம், அதன் கீழே ஒரு கட்டணச் சீட்டு என்ற வரிசையை நான் இருபது ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். அந்தத் தேர்வுகளில் தேறும் குழந்தை அநேகமாக இருக்காது, தேறிவிட்டால் யாரைச் சேர்ப்பது? கணிதக் கற்றல் குறைபாடு என்ற சொல்லை ஒரு மணி நேரத் தேர்வைக் கொண்டு உச்சரிக்கும் தகுதி எந்தப் பயிற்சி மையத்துக்கும் கிடையாது. அதை, பயிற்சி பெற்ற உளவியலர், குழந்தையின் பல ஆண்டுப் படிப்பையும் பலவகைத் திறன்களையும் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஒரு பாடத்தில் ஒரே வகைத் தவறு வருவது அதற்கு அடையாளம் ஆகாது. அபாகஸ் வகுப்பு முழு எண்களை வேகமாகக் கூட்டக் கற்றுக்கொடுக்கும், பின்னம் என்றால் என்னவென்று கற்றுக்கொடுக்காது. சில இடங்களில் குறுக்குப் பெருக்கல் என்ற ஒரே தந்திரத்தை எல்லாக் கணக்குக்கும் மாட்டிவிடுகிறார்கள். அதன்படி 2/7 + 3/7 போட்டால் மேலே 14 + 21, கீழே 49, ஆக 35/49. மதிப்பு சரிதான், சுருக்கினால் 5/7 வந்துவிடும். ஆனால் பார்த்தவுடன் ஐந்து என்று சொல்ல வேண்டிய இடத்தில் குழந்தை மூன்று பெருக்கல் செய்து, தான் என்ன செய்கிறோம் என்பதையே தொலைத்துவிட்டு நிற்கிறது. பழைய மாணவி ஒருத்தி இப்படி 35/49 என்று எழுதிவிட்டு, இது 5/7ஐவிடப் பெரியது என்று என்னிடம் வாதாடினாள். அவள் படித்த மையம் வேகத்துக்காக அவளுக்குப் பதக்கமே கொடுத்திருந்தது.

இந்த மையங்கள் பெருகுவதற்குப் பள்ளிக்கூட ஏற்பாடும் ஒரு காரணம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நம் மாநிலப் பாடத்திட்டத்தில் ஆறாம் வகுப்பின் பின்னப் பாடம் பல ஆண்டுகளாக மூன்றாம் பருவத்தில்தான் இருந்துவருகிறது. அந்தப் பருவம் பொங்கல் விடுமுறை, ஆண்டு விழா, முழு ஆண்டுத் தேர்வு ஆகியவற்றுக்கு நடுவே ஓடிவிடும். அதிலும் ஆசிரியர் எமிஸ் என்ற பள்ளிக் கல்வித் தகவல் தளப் பதிவேற்றத்துக்கும் தேர்தல் பணிக்கும் போய்விட்டு மீதி நேரத்தில் நடத்த வேண்டும். ஒரு பட்டையை வரைந்து, நாற்பது குழந்தைகளும் அதைப் பார்த்து யோசிக்கும்வரை காத்திருக்கும் பொழுதை அவருக்கு யாரும் ஒதுக்குவதில்லை. "கீழே கூட்டாதே" என்ற விதியைச் சொல்ல அரை நிமிடம் போதும் என்பதால் விதி மட்டும் வகுப்பில் தங்கிவிடுகிறது.

ஆகவே முதல் வாரம் ஐந்தும் ஏழும் கீழே வரும் கணக்குகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றில் விடையைச் சுருக்க வேண்டிய தேவை ஒன்றை எட்டும்வரை வராது. இரண்டாம் வாரம் நான்கும் எட்டும் வரலாம். 1/4 + 1/4 போட்டு 2/4 என்று எழுதிவிட்டு, "கால் கிலோவும் கால் கிலோவும் அரைக் கிலோதானே" என்று அவளே கேட்டால், அன்றைக்குப் பாடத்தை அங்கேயே நிறுத்திவிடலாம். பத்தாம் நாள், முன்னறிவிப்பு ஏதும் இல்லாமல், 5/7 + 4/7 என்ற கணக்கைக் கொடுத்து அதே ஒற்றைப் பட்டையில் தீட்டச் சொல்லுங்கள். கட்டம் போதவில்லை, இன்னொரு பட்டை வேண்டும் என்று அவள் கேட்டால் வரைந்து கொடுங்கள். நிரம்பிய இரண்டு கட்டங்களுடன் அந்தப் பட்டை முதல் பட்டைக்குக் கீழே நிற்கும்போது, விடையை 9/14 என்று எழுதுகிறாளா, 9/7 என்று எழுதுகிறாளா என்று பாருங்கள். முதலாவதை எழுதினால் தேங்காய் மூடிக்குத் திரும்பிப் போய் இன்னும் ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவதை எழுதினால் அந்த 9,000 ரூபாய் உங்களிடமே இருக்கட்டும்.