மகுடத்துக்கு மேலே ஒரு சங்கிலி

கேள்வி: கனடாவின் கவர்னர் ஜெனரலாக இருந்த மிக்கயேல் ஜானுக்குச் சங்கு, அறுந்த சங்கிலி, தேவதைகள் என்று ஒரு தனிச் சின்னம் உண்டாமே. நாட்டுக்கே ஒரு சின்னம் இருக்கும்போது பதவியில் இருப்பவருக்குத் தனியாக எதற்கு? பிரபுக்கள் காலத்து ஜம்பம்தானே இது?

பதில்: வழக்கம் பிரபுக்களுடையதுதான், மறுக்கவில்லை. வாசலில் சிங்கமும் கழுகும் பொறித்து வைத்த அந்தக் குடும்பங்களில் அடிமைகளின் உழைப்பில் கொழுத்தவையும் உண்டு. அதனால்தான் ஜானின் சின்னத்தையும் அதே கணக்கில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

அந்தச் சங்கு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். ஹெய்ட்டியின் தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸில், ஜனாதிபதி மாளிகை இருந்த இடத்துக்கு எதிரே ஒரு வெண்கலச் சிலை இருக்கிறது. ஆல்பர் மங்கோனேஸ் வடித்தது. தப்பியோடிய அடிமை ஒருவன் ஒரு காலை மடித்து, மறு காலைப் பின்னால் நீட்டி, அண்ணாந்து சங்கு ஊதுகிறான். ஒரு கையில் வெட்டுக்கத்தி. நீட்டிய காலில் அறுபட்ட விலங்கு இன்னும் கிடக்கிறது. மற்ற அடிமைகளைக் கலகத்துக்குக் கூப்பிடும் சங்கு அது. அந்தக் கலகம்தான் 1804இல் ஹெய்ட்டியின் விடுதலையில் போய் முடிந்தது.

ஜான் அதே ஊரில் 1957இல் பிறந்தவர். ஹெய்ட்டியின் சர்வாதிகாரி டுவாலியேயின் ஆட்சிக் கொடுமைக்குத் தப்பி, 1968இல் குடும்பத்தோடு கனடாவுக்கு அகதியாக வந்தார். 2005இல் கவர்னர் ஜெனரல் ஆனார். அந்தப் பதவிக்கு வந்த முதல் கறுப்பினத்தவர். நீங்கள் தேவதைகள் என்று எழுதியிருக்கும் இரண்டு பெண்களும் சிம்பி எனப்படும் ஹெய்ட்டியின் நீர்த்தெய்வங்கள்.

சரி, கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. சின்னத்தின் நடுவில் உள்ள கேடயத்துக்குள் மகுடமும் இருக்கிறதே? கனடாவுக்கும் அரசியாக இருந்த பிரிட்டன் அரசியின் பிரதிநிதியாக ஜான் இருந்தார் என்பதற்கான அடையாளம் அது. 1793இல் ஹெய்ட்டி மண்ணுக்குப் படை அனுப்பி, பிடித்த பகுதிகளில் அடிமை முறையைக் கட்டிக் காத்தது பிரிட்டன். 1798இல்தான் அந்தப் படை வெளியேறியது. அந்த மகுடத்தை இந்தச் சங்கிலியோடு சேர்த்துப் பார்க்கையில் எனக்கு உறுத்தத்தான் செய்கிறது. ஆனால் எது எங்கே இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். மகுடம் கேடயத்துக்குள்ளே இருக்கிறது. சங்கும் அறுந்த சங்கிலியும் கேடயத்துக்கு மேலே, உச்சியில் இருக்கின்றன. கனடாவின் நாட்டுச் சின்னத்தில் ஹெய்ட்டி அடிமைகளுக்கு இடம் கிடையாது. அவர்கள் வழிவந்த ஒருவர் அரசாங்க மாளிகைக்குள் அவர்களையும் கூட்டிக்கொண்டு போக, இந்தத் தனிச் சின்னம்தான் இடம் கொடுத்தது.