நாய்க்கு வந்த பார்வோ வீட்டுப் பூனைக்கும் ஒட்டுமா?

ஒட்டும். பார்வோ என்பது நாய்க்குட்டிகளுக்கு வாந்தியும் ரத்தக் கழிச்சலும் தரும் வைரஸ் நோய். "நாய் வியாதி பூனைக்கு வராது" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். 1978-ல் சொல்லியிருந்தால் அது சரி.

பெங்களூரில் ஓர் ஆய்வகத்தில் மரபணுப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். அல்சூர்ப் பக்கம் நம் ஆட்கள் இதே கேள்வியை என்னிடமும் கேட்பார்கள்.

இந்த வைரஸின் பூர்வீகமே பூனை வகைதான். ரத்தத்தில் வெள்ளை அணுக்களை வீழ்த்திப் பூனைகளைக் கொல்லும் பான்லூக்கோபீனியா 1920-களிலிருந்தே தெரிந்த நோய். அதன் நெருங்கிய உறவு ஒன்று நாய்க்குத் தாவி, 1978-ல் உலகம் முழுக்கக் குட்டிகளை வாரிக்கொண்டு போனது. மொத்தம் ஐயாயிரத்துச் சொச்சம் எழுத்து கொண்ட மரபணுத் தொகுப்பில் இரண்டுக்கும் வித்தியாசம் 2 சதவீதம்கூட இல்லை. உறைப் புரதமான விபி2-வில் 93, 323 ஆகிய இடங்கள் மாறியதில், நாய் செல்லின் மேலிருக்கும் டிரான்ஸ்ஃபெரின் ஏற்பியை, அதாவது வைரஸ் உள்ளே நுழையும் வாசலை, பிடித்துக்கொள்ள வழி கிடைத்தது. ஆனால் அந்த முதல் வகையால் பூனைக்குள் பெருக முடியவில்லை. ஓரிரு ஆண்டில் 2ஏ என்ற மாறிய வகை வந்து அதை ஓரங்கட்டியது. கூடவே பூனையைத் தொற்றும் திறனும் திரும்பிவிட்டது. பிறகு வந்த 2பி, 2சி இரண்டுக்கும் அந்தத் திறன் உண்டு.

எந்த வகை என்பது கிளினிக்கில் போடும் பரிசோதனைப் பட்டையில் தெரியாது. இரண்டு கோடு வந்தால் பார்வோ, அவ்வளவுதான். எங்களிடம் வரும் மலக்குச்சியிலிருந்து டிஎன்ஏ பிரித்து, பிசிஆரில் அதைப் பல நகலாக்கி, எழுத்து வரிசையைத் திரையில் ஓட்டி அதே விபி2-வின் 426-ஆம் இடத்துக்குப் போவோம். ஓர் இடத்துக்கு மூன்று எழுத்து. ஏஏடி என்றால் 2ஏ, ஜிஏடி என்றால் 2பி, ஜிஏஏ என்றால் 2சி. ஓரிரண்டு எழுத்துதான்! இந்தியாவில் வெகுகாலம் 2ஏ ராஜ்ஜியம். சமீப வருடங்களில் 2சி அதிகம் தென்படுகிறது. டிஎன்ஏ வைரஸ்தான், ஆனால் மாறும் வேகம் ஆர்என்ஏ வைரஸ்களோடு போட்டி போடும்.

"புது வகை, ஊசி வேலை செய்யாது" என்ற பேச்சை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இப்போதைய ஊசிகள் மூன்று வகைக்கும் பாதுகாப்பு தருகின்றன. குட்டிக்கு ஊசி பலிக்காமல் போவது பெரும்பாலும் தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புப் புரதம் குறுக்கே நிற்பதால்தான். அதனால்தான் குட்டிக்கு 16 வாரம் ஆகும் முன் ஊசித் தவணையை முடித்துவிடக் கூடாது என்கிறார்கள்.

சரி, உங்கள் பூனை. அதற்குப் பான்லூக்கோபீனியா ஊசி முழுசாகப் போட்டிருந்தால் பயப்பட வேண்டாம், நாயிடமிருந்து வருவதற்கும் அதுவே காப்பு. போடவில்லை என்றால் இன்றே வேறு அறைக்கு மாற்றி, மருத்துவரிடம் ஊசி பற்றிக் கேளுங்கள். கிண்ணம், துணி, துடைப்பம் எதுவும் பொது வேண்டாம். செருப்பும்தான், வைரஸ் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும், சானிடைசருக்கு அசையாது. பினாயில் பூனைக்கே விஷம், அதைத் தொடாதீர்கள். அழுக்கை முதலில் கழுவிவிட்டு, 1 பங்கு பிளீச்சுக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊறவிடுங்கள். அப்புறம் நல்ல தண்ணீரில் அலசி, காய்ந்த பிறகே பூனையை விடலாம்.

பூனை சாப்பாட்டைத் தொடாமல் சுருண்டு கிடந்தாலோ வாந்தி எடுத்தாலோ மறுநாள் வரை காத்திருக்காமல் கூட்டிப்போய், ரத்தத்தில் வெள்ளை அணு எண்ணிக்கை பார்க்கச் சொல்லுங்கள்.